யானைத்தீயும் குன்மமும்: பொதியில் அடிவாரத்தில் வயிற்று நோயின் வரலாறு

தமிழ்க் காப்பியங்களில் இடம்பெறும் நோய்களுள் மிகக் கொடியது எது என்று வினவினால், மணிமேகலையைப் பயின்றோர் தயங்காமல் 'யானைத்தீ' என்பர். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசியே அந்நோய். அதற்கு ஆட்பட்டவள் வடதிசை விஞ்சையர் குலத்துக் காயசண்டிகை. அவள் நோயுற்ற இடம் காவிரிப்பூம்பட்டினம் அன்று, பொதியில் மலைச்சாரல். கணவன் காஞ்சனனோடு பொதியில் காண வந்தவள், கானாற்றங்கரையில் விருச்சிக முனிவன் வைத்திருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்தாள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் கனி அது. அதனை உண்டே நோன்பிருப்பவன் முனிவன். அவன் பசித்திருக்க வேண்டிய பன்னிரண்டு ஆண்டும் இவள் பசித்திருக்குமாறு சாபம் வந்தது. அமுதசுரபியின் ஒரு பிடிச் சோற்றால் அந்தத் தீ அவிந்தது. ஊர் திரும்பும் வழியில் விந்த மலையைக் காக்கும் விந்தா கடிகையின் வயிற்றுக்குள்ளேயே அவள் போய்ச் சேர்ந்தாள் என்பது சாத்தனாரின் கசப்பான நகைச்சுவை எனலாம்.

பொதியிலின் இப்பக்கத்து அடிவாரம் இன்றைய தென்காசி மாவட்டம். திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22-இல் அது தனி மாவட்டமாயிற்று. குற்றாலச் சாரலும் திரிகூட மலையும் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரும் இப்பகுதிக்குத் தந்த இலக்கியப் புகழ் பெரிது. அப்புகழின் நிழலில் இன்னொரு வரலாறும் உண்டு. அது வயிற்றின் வரலாறு. கவிஞர்கள் அதிகம் எட்டிப் பாராத பக்கம்.

தமிழர் மருத்துவம் வயிற்று நோயை 'குன்மம்' என்றது. வடமொழிக் 'குல்மம்' என்பதன் திரிபாக அகராதியார் இதைக் காட்டுவர். சித்த மருத்துவரோ, வலியால் உடலைக் குன்றச் செய்வதால் குன்மம் என்று பொருள் கூறுவர். சொற்பிறப்பு எதுவாயினும், நோயாளியின் தோற்றத்தைப் பின்னதே கண்முன் நிறுத்துகிறது. இரவின் நடுச்சாமத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்காலோடு முகம் சேரக் குனிந்திருக்கும் மனிதனைக் கண்டவர்க்கு இது விளங்கும். குன்மம் எட்டு வகை என வகுத்தனர். எரிகுன்மம், வலிகுன்மம், சத்திகுன்மம் என்னும் பெயர்களே போதும். எரிச்சல், நோவு, வாந்தி என நோயாளி சொல்லும் குறைகளைக் கொண்டே பகுப்பு அமைந்தது புலனாகும். உடலைத் திறந்து பாராத காலத்தில் அதனினும் நுட்பமாக வகுத்தல் இயலாது.

சூலை என்பது மற்றொரு பெயர். பாடலியில் தருமசேனராய் விளங்கிய மருள்நீக்கியாரைத் திருவதிகைக்கு மீட்டு வந்து திருநாவுக்கரசராக்கியது சூலைநோயே என்று சேக்கிழார் பாடுகிறார். குடலைத் துடக்கி முடக்கிய வலி, தமிழுக்கு ஒரு பதிகத்தையும் பதிகத்தின் வழியே ஒரு வாழ்நாள் பாடலையும் தந்தது. அச்சூலை இக்கால மருத்துவப் பெயர்களுள் எதற்கு உரியது என்று ஆராய்வோர் உளர். அது வீண்வேலை. நோய் நாடிப் பார்க்க நாவுக்கரசர் இல்லை; இருப்பது பாட்டு.

கன்னப்புற்று முதலியனவாக வெளியே கண்ணுக்குத் தெரியும் புற்றுகளுக்கு மருத்துவ நூல்கள் பெயரிட்டன. வயிற்றுக்குள் வளரும் புற்றைக் கண்டவர் இல்லை. ஆகவே அது குன்மத்தோடு குன்மமாய், மெலிந்து மாண்டவர் கணக்கில் மறைந்து கிடந்திருத்தல் வேண்டும்.

தென்காசி வட்டாரத்தில் வழங்கும் ஒரு மருத்துவக் கதையை இங்கே கருதலாம். கடையத்தை அடுத்த தோரணமலை, அகத்தியரும் அவர் மாணாக்கர் தேரையரும் மருத்துவம் பயிற்றிய இடம் என்பது ஊரார் நம்பிக்கை. தலைநோயால் வருந்திய அரசன் ஒருவனின் கபாலத்தை அகத்தியர் திறந்தபோது உள்ளே ஒரு தேரை இருந்ததாம். மாணாக்கர் ஒரு பாத்திரத்தில் நீரைக் காட்டவே தேரை அதில் தாவிக் குதித்தது. அவரும் தேரையர் ஆனார். கதையை மெய்யென்று கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் தீராத நோய்க்கு உள்ளே குடிபுகுந்த ஓர் உயிர் காரணமாகலாம், அதை வெளியேற்றினால் நோயும் வெளியேறும் என்ற எண்ணம் இந்த மலையடிவாரத்தில் கதையாகவாவது உலவியது. வயிற்றைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தை ஏற்க உலக மருத்துவத்திற்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை ஆயிற்று.

குற்றாலத்தின் பெயரே பசியோடு பிணைந்தது. ஆனி, ஆடி, ஆவணிச் சாரலில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்று வெளிவந்தவன் கல்லையும் செரிப்பான் என்பது வழக்கு. இரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தபோது, இராஜாஜியும் கல்கியும் உள்ளிட்ட நண்பர்க்கு அருவியும் கவிதையும் விருந்தும் ஒருசேரப் படைத்தார். சுவை என்ற சொல்லை நாவுக்கும் நெஞ்சுக்கும் பொதுவாக்கியவர் அவர். ஆயினும் சாரலுக்கு வந்தோர் எல்லோரும் பசியோடு வந்தவர் அல்லர். பசி கெட்டவரும், மந்த வயிற்றினரும், உண்டால் வலிக்கும் என்று அஞ்சி உண்ணாதவரும் நலம் தேடி அருவியை நாடினர். குளித்த உடம்பு குளிர்ந்தது; வயிற்றுப் புண் தன் இடத்திலேயே இருந்தது.

இவ்வட்டாரத்தின் அரசியல் எல்லையை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். தென்காசி ஆங்கிலேயர் ஆண்ட திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. கூப்பிடு தொலைவிலுள்ள செங்கோட்டை திருவிதாங்கூர் மன்னருக்கு உரியது. 1956 நவம்பர் 1-இல்தான் செங்கோட்டையும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் தமிழகத்தோடு இணைந்தன. எனவே அக்காலத்தில் 'திருவிதாங்கூர் வயிற்றுப்புண்' என்று மருத்துவர்கள் எழுதியதில் ஒரு பெரும்பகுதி தமிழ் பேசும் மக்களின் வயிற்றைப் பற்றியதே. அதை எழுதியவர்களுள் தலையாயவர், எவரெஸ்டு ஏறப் புறப்பட்டு நெய்யூருக்கு வந்து சேர்ந்த ஓர் ஆங்கிலேயர்.

தியோடர் ஹோவர்டு சாமர்வெல் 1890-இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் சொம் போர்க்களத்துக் காயம்பட்டோருக்கு அறுவை செய்தவர். 1922-இல் எவரெஸ்டு ஏறும் குழுவில் சென்றார். அம்முயற்சியில் பனிச்சரிவு ஏழு சுமைகூலியரைக் கொன்றது. மாண்டவருள் ஆங்கிலேயர் ஒருவரும் இல்லையே என்ற குற்றவுணர்வு அவரை விடாது வருத்தியது. மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் தெற்கே நெய்யூருக்கு வந்தார். 1838-இல் இலண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப்பணியின் இருப்பிடம் அது. கூட்டம் கூட்டமாக நோயாளிகள் காத்திருக்க, அறுவை வல்லார் ஒருவரே அவ்வளவு பேரையும் சமாளிக்கப் போராடிக்கொண்டிருந்த காட்சி அவரைத் தடுத்து நிறுத்தியது. இலண்டனில் காத்திருந்த உயர்பதவியைத் துறந்து நெய்யூரிலேயே பணியேற்றார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்று, உயிர்வளிக் குடுவை இன்றி ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை ஏறினார். இறங்கும்போது பனியால் கருகிய தொண்டைச் சதை அடைத்து மூச்சுத் திணறிச் சாகும் நிலைக்குச் சென்று மீண்டார். ஓவியம் தீட்டுபவர், திபெத்திய நாட்டுப் பாடல்களைக் கேட்டுச் சுரப்படுத்தியவர். இத்தகைய மனிதர் தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தது தென் திருவிதாங்கூர் ஏழைகளின் வயிற்றில் என்பது எண்ணத்தக்கது.

அவர் கண்டது இதுதான். இரைப்பையின் கடைவாயிலை அடுத்து முன்சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். ஆண்டுக்கணக்கில் அது ஆறியும் புண்ணாகியும் தழும்பேறி வழியைச் சுருக்கிவிடும். உண்டது கீழிறங்காது. நோயாளி வாந்தியெடுத்து வற்றி எலும்பாவான். சாமர்வெல் இரைப்பையையும் அடைப்புக்குக் கீழுள்ள சிறுகுடற்பகுதியையும் இணைத்துத் தைத்துப் புதுவழி அமைத்தார். ஆயிரக்கணக்கானோர் இவ்வறுவையால் மீண்டும் சோறுண்டனர். இந்நோய் தென் திருவிதாங்கூரில் இவ்வளவு மிகுந்திருப்பது ஏன் என்ற வினாவை அவரும் உடன்பணியாற்றிய ஆர் என்பவரும் 1936-இல் வெளியிட்ட கட்டுரையில் எழுப்பினர். வயிற்று அறுவை பற்றிய அவருடைய நூல் 1948-இல் வெளிவந்தது. பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணிசெய்து 1961-இல் தாயகம் திரும்பிய அவர் 1975-இல் காலமானார்.

ஏன் என்ற வினாவுக்கு அன்று கிடைத்த விடை: உணவு. திருவிதாங்கூர் ஏழையின் முதன்மை உணவு மரவள்ளிக்கிழங்கு. தென்கோடித் தமிழில் மரச்சீனி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் பஞ்சத்துக்கு மாற்றாக அதன் சாகுபடியை ஊக்கினார். வயிறு நிரம்பியது, உடல் ஊட்டம் பெறவில்லை. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய மக்காரிசன், இந்தியப் பகுதிகள் பலவற்றின் உணவை எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டிப் பார்த்தார். பஞ்சாபியர் உணவு தின்ற எலிகள் நலமாயிருந்தன. திருவிதாங்கூர் ஏழையின் உணவு தின்றவற்றில் பல வயிற்றுப் புண் கண்டன. பின்னர் 1960-களில் இரயில்வே மருத்துவத்துறையைச் சார்ந்த மல்கோத்ரா, வடக்கே கோதுமை ரொட்டியை மென்று உமிழ்நீரோடு விழுங்குவதும் தெற்கே நெகிழ்ந்த சோற்றை மெல்லாமல் விழுங்குவதும் வேறுபாட்டுக்குக் காரணம் என்றார். மைசூரில் பணியாற்றிய டோவி என்ற அறுவை மருத்துவரும் அரிசி, கோதுமை நிலங்களை நோயின் வரைபடத்தோடு ஒப்பிட்டார்.

ஏடுகளில் இவ்வாறிருக்க, மருத்துவமனை வராந்தாவில் கேட்டது வேறு. 'மிளகாயைக் குறை, கவலையை விடு, கோபப்படாதே, நேரத்துக்குச் சாப்பிடு' என்பதே நோயாளி பெற்ற அறிவுரை. வயல் வேலைக்கு விடியுமுன் சென்று பிற்பகலில் கஞ்சி காண்பவளிடம் நேரத்துக்குச் சாப்பிடு என்பது என்ன மருத்துவம்? நோய் அவள் குணத்தின் குற்றமாக, அவள் குழம்பின் குற்றமாக மாறியது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்க என்றார். அதில் பழி இல்லை. பிற்கால அறிவுரையில் பழி இருந்தது.

அப்பழியைத் துடைத்தது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரம். அங்கு நோய்க்கூறு மருத்துவராயிருந்த ராபின் வாரன், 1979 ஜூன் 11-இல், தம் நாற்பத்திரண்டாம் பிறந்தநாளன்று, ஓர் இரைப்பைத் திசுவை நுண்ணோக்கியில் பார்க்கையில் சுருள்வடிவான நுண்ணுயிர்கள் அதன் மேல் ஒட்டியிருக்கக் கண்டார். இரைப்பையின் அமிலத்தில் எவ்வுயிரும் வாழாது என்பது அந்நாள் வேதவாக்கு. 1954-இல் பால்மர் என்னும் அமெரிக்கர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரைப்பைத் திசுக்களைச் சோதித்து ஒன்றும் இல்லை என்று எழுதியது அந்த நம்பிக்கைக்கு முத்திரையிட்டிருந்தது. 1893-லேயே இத்தாலியின் பிட்சோசெரோ நாய்களின் இரைப்பையில் சுருள் உயிர்களைக் கண்டிருந்தார். உலகம் அதை மறந்தது. கிரேக்கத்தின் மிசொலொங்கி என்ற சிற்றூரில் லிக்கூதிஸ் என்ற மருத்துவர் 1958 முதல் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தே வயிற்றுப்புண்ணை ஆற்றினார். அவரது கட்டுரையை வெளியிட மறுத்தனர், அபராதமும் விதித்தனர். கவிஞர் பைரன் உயிர் நீத்த ஊர் அது. பைரனுக்கு அங்கே சிலை உண்டு. லிக்கூதிசோ தம் சிகிச்சை சரியென்று உலகம் ஒப்புமுன் 1980-இல் மறைந்தார்.

1981-இல் வாரனோடு பாரி மார்ஷல் என்ற இளைஞர் சேர்ந்தார். நுண்ணுயிரை ஆய்வகத்தில் வளர்க்க முயன்ற முதல் முயற்சிகள் எல்லாம் தோற்றன. இரண்டு நாளில் வளராவிட்டால் தட்டை எறிந்துவிடுவது வழக்கம். 1982-இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் ஒரு தட்டு ஐந்து நாள் கிடந்தது; அதில் வளர்ந்தது. இவ்வுயிர் யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றி அமிலம் தணிந்த ஒரு சிறு குடில் அமைத்துக்கொண்டு வாழ்கிறது என்பது பின்னர்ப் புலனாயிற்று. மற்றவர் நம்பாமையைக் கண்டு பொறாத மார்ஷல், 1984-இல் அந்நுண்ணுயிர் வளர்த்த குழம்பைத் தாமே குடித்தார். சில நாளில் உப்புசம், வாந்தி, வாய்நாற்றம். எண்டோஸ்கோப்பி இரைப்பை அழற்சியைக் காட்டியது. இதை மிகைப்படுத்திச் சொல்வோர் பலர். அவருக்குப் புண்ணும் வரவில்லை, புற்றும் வரவில்லை. நலமான இரைப்பையில் இவ்வுயிர் அழற்சியை உண்டாக்கும் என்பதே அதனால் நிறுவப்பெற்றது. புண்ணுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பிறகு நடந்த சிகிச்சை ஆய்வுகளே உறுதி செய்தன. 2005-இல் இருவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. வாரன் 2024-இல் காலமானார்.

1989-இல் இவ்வுயிர்க்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயரிட்டனர். முற்பகுதி சுருளைக் குறிக்கும். 'பைலோரஸ்' என்பது இரைப்பையின் கடைவாயில். கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு வாயிற்காவலன் என்று பொருள். நம் கோயில் துவாரபாலகரை நினைவூட்டும் பெயர். காவலன் காலடியிலேயே கள்ளன் குடியிருந்தான்.

புண்ணின் கதை இதுவானால், புற்றின் கதை இன்னும் நுணுக்கமானது. 1991-இல் வெளிவந்த ஆய்வுகள் ஓர் அழகிய வழியைக் கையாண்டன. பல்லாண்டு முன்பு வேறு நோக்கத்துக்காக எடுத்து உறையவைத்திருந்த இரத்தத்தை எடுத்து, பின்னாளில் இரைப்பைப் புற்று வந்தவர்க்கும் வராதவர்க்கும் அன்று இந்நுண்ணுயிர் இருந்ததா என்று பார்த்தனர். ஹவாய்த் தீவின் ஜப்பானிய வழியினரிடம் நடந்த ஆய்வில், தொற்றுடையார்க்குப் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு எனத் தெரிந்தது. 1994-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வுயிரை மனிதர்க்குப் புற்று விளைக்கும் காரணிகளின் முதற்பிரிவில் சேர்த்தது. 2001-இல் ஜப்பானின் உயேமுரா குழுவினர் 1,526 பேரைச் சராசரி 7.8 ஆண்டு பின்தொடர்ந்து வெளியிட்ட முடிவு ஐயத்தைப் போக்கியது. தொற்றுடைய 1,246 பேரில் 36 பேருக்குப் புற்று. தொற்றில்லாத 280 பேரில் ஒருவருக்கும் இல்லை.

இது ஒரே நாளில் நிகழ்வதன்று. குழந்தைப் பருவத்தில், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, வாய்வழி நுழையும் உயிர் பல பத்தாண்டுகள் அழற்சியை மூட்டி வைத்திருக்கும். சுரப்பிகள் மெல்ல அழியும், சுவர் மெலியும். பிறகு இரைப்பையின் உட்சுவர் குடலின் சுவர்போல் வேடம் மாற்றிக்கொள்ளும். வேடமிட்ட அணுக்களுள் சில நெறிகெட்டுப் பெருகும், அதுவே புற்று. கொலம்பியாவைச் சேர்ந்த கொரெயா இப்படிமுறையை வகுத்துரைத்தார். தொற்றுடையாருள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரையே இறுதிப் படியை அடைகின்றனர்.

சாமர்வெல்லின் நோயாளிகளை இங்கே மீண்டும் நினைக்க வேண்டும். இரைப்பையின் கீழ்ப்பகுதியை மட்டும் அழற்சி பற்றினால் அமிலம் மிகுந்து முன்சிறுகுடலில் புண் தோன்றும். மேற்பகுதியையும் பற்றினால் அமிலம் குறைந்து புற்றுக்கு வழி திறக்கும். எனவே முன்சிறுகுடற்புண் உடையார்க்கு இரைப்பைப் புற்று வருவது குறைவு. 1996-இல் சுவீடனில் நடந்த பேராய்வு இதனை மெய்ப்பித்தது. ஒரே உயிர் ஒருவனுக்குப் புண்ணையும் மற்றொருவனுக்குப் புற்றையும் தருகிறது. நெய்யூரில் வழியடைத்து வந்தவர்கள் முதல் வகையினர்.

உணவுக்கொள்கை அப்படியானால் பொய்யா? அவ்வாறு ஒதுக்குவது அவசரம். இந்தியாவின் வடக்கிலும் தெற்கிலும் தொற்று ஏறத்தாழ ஒன்றுபோலவே பரவியுள்ளது. புண்ணோ தெற்கில் மிகுதி. உயிர் வித்து, வயிறு நிலம். மக்காரிசனும் டோவியும் நிலத்தை ஆராய்ந்தனர், அவ்வளவே. புற்றிலும் இதே புதிர். இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் தொற்றுடையவர். ஆயினும் ஜப்பானோடு ஒப்பிட இரைப்பைப் புற்று மிகக் குறைவு. இதை 'இந்தியப் புதிர்' என்பர். மஞ்சள் காத்தது, மோர் காத்தது என்று மேடையில் முழங்குவது எளிது. அதே மஞ்சளும் மோரும் உண்ணும் சென்னையில், 1980-களின் தொடக்கத்தில் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பதிவேடு தொடங்கியபோது, ஆண்களிடையே முதலிடம் பெற்றிருந்தது இரைப்பைப் புற்றே. மிசோரமில் அது இன்னும் மிகுதி. நுண்ணுயிரின் இனவேறுபாடு, உப்பு, புகையிலை, உடலின் மரபு எல்லாம் காரணங்களாகப் பேசப்படுகின்றன.

இவ்வுயிர் மனிதனோடு ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 58,000 ஆண்டுக்கு முன்பே புறப்பட்டு வந்தது என்பது மரபணு ஆய்வாளர் கணிப்பு. ஆல்ப்சு மலைப்பனியில் 1991-இல் கிடைத்த, 5,300 ஆண்டு பழைய மனிதனின் இரைப்பையிலும் அது இருந்ததை 2016-இல் கண்டனர். அவ்வுயிரின் நெருங்கிய உறவினம் இன்று நடு ஆசியாவிலும் தென்னாசியாவிலும் வாழ்வோர் வயிற்றில் உள்ளது. பனிமலையேறிய சாமர்வெல் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நெய்யூரில் அன்று கத்தி செய்த பணியை இன்று பெரும்பாலும் மாத்திரை செய்கிறது. அமிலம் குறைக்கும் மருந்தோடு இரண்டு அல்லது மூன்று வகை மருந்துகளைப் பதினான்கு நாள் உண்ண வேண்டும். ஜப்பான் 2013 முதல் அழற்சி நிலையிலேயே இச்சிகிச்சையை அரசுக் காப்பீட்டில் சேர்த்துள்ளது. சுரப்பிகள் அழிவதற்குமுன் உயிரை ஒழித்தால் புற்றின் வாய்ப்பு குறையும்; வேடம் மாறிய பின்னரோ பயன் குறைவு. நம் நாட்டில் தடை வேறுவிதம். மெட்ரோனிடசோல் முதலிய மருந்துகளைக் கண்டதற்கெல்லாம் விழுங்கியதால் இவ்வுயிர்க்கு அவற்றை எதிர்க்கும் ஆற்றல் மிகுந்துவிட்டது. எரிச்சல் தணிந்ததும் நான்காம் நாளே மருந்தை நிறுத்துவோரும் பலர். கடைவீதியில் கேட்டு வாங்கும் அமிலம் தணிக்கும் மாத்திரை, புண்ணின் வலியை மறைப்பதுபோலவே புற்றின் முதல் வலியையும் மறைத்துவிடும். நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்க்குப் புதிதாகத் தோன்றும் மந்தமும், காரணமற்ற மெலிவும், சிறிது உண்டதும் வயிறு நிறைந்த உணர்வும், கருமலமும் குன்மம் என்று பொறுக்கத் தக்கவை அல்ல. எண்டோஸ்கோப்பியால் பார்க்கத் தக்கவை. மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து, நோயாளியின் மூச்சை ஒரு பையில் பிடித்து, உயிர் ஒழிந்ததா என்று சோதிப்பர்.